நான்கு முறை திரும்பி வந்த விண்டோஸும் காணாமல் போன டிஸ்க்கும்

கேள்வி: "என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை, 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று அப்கிரேட் கொடுத்தால் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் பாதியில் நின்று பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறது. 1900101 என்றும் 20017 என்றும் முடிகிற ஏதோ எண்கள் வருகின்றன. நான்கு முறை முயன்றாயிற்று. நண்பர் ஒருவர், பென் டிரைவ் போட்டுப் புதிதாகவே இன்ஸ்டால் செய்துவிடலாம் என்றார். அப்படிப் போனால் டிஸ்க்கே காட்டவில்லை, பட்டியல் காலி. அவர் பயாஸில் எதையோ மாற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது. ஆனால் இருப்பதை அழிக்கவா என்ற இடத்துக்கு வந்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். பென் டிரைவை எடுத்துவிட்டுப் போட்டால் இப்போது விண்டோஸ் 10உம் வரவில்லை. நீலத் திரை வருகிறது, இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு 48 இலக்கச் சாவி கேட்கிறது. பத்து வருடப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் போய்விட்டதா? இன்னொரு பழைய டெஸ்க்டாப்பும் வைத்திருக்கிறேன், அதற்கு விண்டோஸ் 11க்குத் தகுதியே இல்லை என்று வருகிறது. அதை என்ன செய்வது?"

பதில்: படங்கள் போகவில்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால் டிஸ்க்கில் இருந்து ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. அழிக்கவா என்று கேட்ட இடத்தில் பயந்து நிறுத்தினீர்களே, அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லுங்கள். இப்போதைக்கு அந்தப் பென் டிரைவை எடுத்து வேறு எங்காவது வையுங்கள், லேப்டாப் பக்கத்திலேயே வேண்டாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்கிரேட் திரும்பி வந்தது ஒன்று. அது கம்ப்யூட்டர் தானாகவே ஜாக்கிரதையாகச் செய்தது, அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. விண்டோஸ் 10 எழும்பாமல் போனது இன்னொன்று. அது நண்பர் பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே ஓடும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) தொட்டதால் வந்தது. பின்னால் வந்ததை முதலில் சரி செய்ய வேண்டும்.

அவர் எதைத் தொட்டார் என்று அவரையே கேளுங்கள், ஆனால் என் ஊகம் விஎம்டி. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து நிறைய லேப்டாப்களில் இந்த விஎம்டி ஆன் செய்யப்பட்டே வருகிறது. அது இருந்தால் எஸ்எஸ்டி நேராக விண்டோஸுக்குத் தெரியாது, நடுவில் ஒரு கன்ட்ரோலர் நிற்கும், அந்தக் கன்ட்ரோலரோடு பேச இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். லேப்டாப் தயாரித்த நிறுவனம் விண்டோஸ் போடும்போதே அந்த டிரைவரையும் போட்டு அனுப்பியிருக்கும், அதனால் உங்களுக்கு இத்தனை நாள் இந்தப் பெயரே தெரியவில்லை. மைக்ரோசாஃப்டில் இருந்து இறக்கிய வெறும் பென் டிரைவில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால்தான் பட்டியல் காலி. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துப் புது எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, அதுவும் தெரியாமல், அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர் விஎம்டியை அணைத்ததும் டிஸ்க் நேராகத் தெரிந்தது, அது சரி. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் 10, டிஸ்க்கை விஎம்டி வழியாகத் தேடித்தான் பழகியிருக்கிறது. அந்த வழி அடைபட்டதும் தன் வீட்டுக் கதவையே அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீலத் திரையின் அடியில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருந்ததா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: லேப்டாப்பை அணைத்துவிட்டு, திரும்பப் போடும்போது பயாஸுக்குள் போங்கள் (எஃப்2, எஃப்10, டெலீட் என்று தயாரிப்பைப் பொறுத்து விசை மாறும்). அட்வான்ஸ்டு பகுதியில் விஎம்டி கன்ட்ரோலர் என்று இருக்கும், சிலவற்றில் சாட்டா மோடு அல்லது ஸ்டோரேஜ் என்ற தலைப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். அணைத்ததைத் திரும்ப 'எனேபிள்டு' ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர் முதலில் செய்யத் தவறியது அதுதான். அங்கேயே டிபிஎம் (டிஸ்க் பூட்டின் சாவியைப் பாதுகாக்கும் சிப்) என்று ஒரு பகுதி தென்படும், அதில் 'கிளியர்' என்று ஒரு வாய்ப்பு இருக்கும். அதன் பக்கம் போகவே வேண்டாம். 48 இலக்கச் சாவி கையில் இல்லாத நேரத்தில் அதை அழுத்தினால்தான் உண்மையிலேயே படங்கள் போகும்.

அந்தச் சாவி பற்றி. அது பிட்லாக்கர் மீட்புச் சாவி. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. 'நான் பிட்லாக்கர் எதுவும் போடவில்லையே' என்பீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து லேப்டாப்பைத் தொடங்கினால் பல மாடல்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும், சாவி அந்தக் கணக்கிலேயே போய் உட்கார்ந்துவிடும். ஆகவே வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் குழம்ப வேண்டாம்: நீலத் திரையில் 'கீ ஐடி' என்று ஒன்று காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகள் எந்தச் சாவியோடு ஒத்துப்போகிறதோ அதுதான் உங்களுடையது. லேப்டாப் அலுவலகக் கணக்கோடு சேர்ந்திருந்தால் சாவி அங்குள்ள ஐடி ஆட்களிடம் இருக்கும். விஎம்டியைப் பழையபடி வைத்ததும் பெரும்பாலும் சாவி கேட்காமலேயே விண்டோஸ் 10 திறந்துவிடும். திறந்தாலும் சாவியைத் தேடி எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதத்தில் என்றுதான் சொல்கிறேன், அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலாகச் சேமித்தவர்களையும் பார்த்தாயிற்று.

விண்டோஸ் வந்துவிட்டதா? சரி. இப்போது அப்கிரேட் பக்கம் போகாமல், முதலில் படங்களை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டி டிரைவில் போட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். சி, டி என்று இரண்டு தெரிந்தாலும் லேப்டாப்பில் பெரும்பாலும் அது ஒரே எஸ்எஸ்டிதான், ஒரே அறைக்கு நடுவில் திரை கட்டிய மாதிரி. காப்பி எடுத்தபின் நாலைந்து படங்களை வெளி டிஸ்க்கில் இருந்தே திறந்து பாருங்கள், பழைய வருடத்து ஃபோல்டர் ஒன்றையும் சேர்த்து. அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

இனி அப்கிரேடுக்கு வருவோம். நான்கு முறை முயன்றேன் என்கிறீர்கள், நான்கு முறையும் எதையாவது மாற்றிவிட்டு முயன்றீர்களா? எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு இதற்கு 'இல்லை' என்றுதான் பதில். அதே கம்ப்யூட்டர், அதே டிரைவர், அதே ஆன்டிவைரஸ், பட்டனை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமுக்கியிருப்பார்கள். ஆனால் அந்த எண்கள் உங்களுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. 1900101 என்று முடிவது ஏறக்குறைய எப்போதும் டிரைவர் கோளாறு. கூடவே வரும் 20017இல் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்கிறது: 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2 என்றால் ரீஸ்டார்ட் ஆனபின் ஒரு குட்டி விண்டோஸ் எழுந்து வேலை செய்யும் கட்டத்தில், 3 என்றால் புது விண்டோஸ் முதல் தடவை எழும்போது, 4 என்றால் அடுத்த தடவை எழும்போது. கடைசி இரண்டு இலக்கம் என்ன வேலையில் என்று சொல்லும், 17 என்றால் பூட் ஆகும்போது. ஆக, உங்களுக்கு நடந்தது இது: அந்தக் குட்டி விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஏதோ ஒரு டிரைவர் காலை வாரிவிட்டது, உடனே எல்லாம் பழையபடி திரும்பி வைக்கப்பட்டது. இந்தக் குறிப்பிட்ட இடத்தில் விழுவதற்கு டிரைவர் ஒரு காரணம், மைக்ரோசாஃப்ட் அல்லாத டிஸ்க் பூட்டு மென்பொருள் இன்னொரு காரணம். அப்படி ஏதாவது போட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எந்த டிரைவர் என்று தெரிய வேண்டாமா? தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் ஒரு குறிப்பேடு எழுதி வைத்திருக்கும். சி டிரைவில் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால், டாலர் குறியோடு விண்டோஸ் என்று தொடங்கி பிடி என்று முடியும் ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் சோர்சஸ், அதற்குள் பேந்தர், அங்கே 'செட்டப்எர்' என்ற பெயரில் ஒரு லாக் ஃபைல். நோட்பேடில் திறந்தால் மேலே இருப்பதெல்லாம் பயமுறுத்தும், பெரும்பாலும் ஒன்றுமில்லாத எச்சரிக்கைகள். நேராகக் கடைசிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். இதைக்கூட உங்களுக்காகப் படித்துச் சொல்ல மைக்ரோசாஃப்டே 'செட்டப்டயாக்' என்று ஒரு சின்ன கருவி இலவசமாகத் தருகிறது. ஓட்டினால் போதும், எங்கே மாட்டியது என்று இரண்டு மூன்று வரியில் எழுதிக் கொடுக்கும். பல சமயம் டிரைவர் ஃபைலின் பெயரோடு.

நான் பார்த்த ஒரு லேப்டாப்பில் அந்தக் கடைசி வரியில் இருந்தது, எப்போதோ நீக்கிவிட்டதாக உரிமையாளர் சத்தியம் செய்த ஒரு விபிஎன்னின் நெட்வொர்க் டிரைவர். மென்பொருளை நீக்கியிருந்தார், உண்மைதான். ஆனால் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவுக்குப் போய் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னதும், நெட்வொர்க் அடாப்டர்களின் கீழே சாம்பல் நிறத்தில், யாருக்கும் தெரியாமல் படுத்திருந்தது. வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால், ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான், அடுத்த முயற்சியில் போய்விட்டது. அதற்கு முன் அவர் இரண்டு வாரம் தூங்கவில்லை.

லாக் தெளிவாக எதையும் சொல்லாவிட்டால் இந்த வரிசையில் போங்கள். சார்ஜரைத் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள், பிரிண்டர், வெளி டிஸ்க், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், மெமரி கார்டு எல்லாமும்தான். மெமரி கார்டு ஸ்லாட்டில் மறந்துபோன ஒரு கார்டால் அப்கிரேட் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விண்டோஸோடு வராத ஆன்டிவைரஸ் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தினால் போதாது, முழுதாக நீக்க வேண்டும், ஏனென்றால் நிறுத்தி வைத்தாலும் அதன் டிரைவர்கள் அடியில் உயிரோடுதான் இருக்கும். அதன் சொந்த நீக்கும் கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அப்புறம் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, சிப்செட், ஸ்டோரேஜ் (அந்த ஆர்எஸ்டி), கிராஃபிக்ஸ் டிரைவர்களையும், புதிதாக இருந்தால் பயாஸையும் அப்டேட் செய்யுங்கள். 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களைத் தொடாதீர்கள், அவற்றால் கெட்டதைச் சரி செய்வதுதான் என் வேலையில் பாதி. பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்ய மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மறுபடியும் அதே 48 இலக்கத் திரை. இப்போதுதான் சாவி கையில் இருக்கிறதே என்றாலும், நடுராத்திரியில் 48 இலக்கம் தட்டச்சு செய்வது சுகமான வேலை இல்லை.

இடமும் பாருங்கள். 256 ஜிபியில் பத்து வருடப் படங்கள் என்றால் சி டிரைவ் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு 30 ஜிபியாவது காலியாக விடுங்கள். படங்களை வெளியே காப்பி எடுத்துச் சரி பார்த்துவிட்டீர்கள் என்றால், இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி வைத்துவிட்டு லேப்டாப்பில் இருந்து கொஞ்சம் நீக்கலாம். ஒரு காப்பி மட்டும் இருக்கும்போது நீக்கினால் அது பேக்கப்பே கிடையாது, இடம் மாற்றியதுதான்.

இதெல்லாம் முடிந்தபின் அப்டேட் பக்கத்து பட்டனை விட்டுவிட்டு வேறு வழியில் போங்கள். விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இன்ஸ்டாலரும் ஒரே ஃபைலாக அடங்கியது) மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இறக்கி, விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிவிடி மாதிரி திறக்கும், அதற்குள் இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: ஃபைல்களையும் மென்பொருட்களையும் அப்படியே வைத்துக்கொண்டு அப்கிரேட் செய்யும் வாய்ப்பு, செட்டப்பை விண்டோஸுக்குள் இருந்து ஓட்டினால்தான் கிடைக்கும். பென் டிரைவில் இருந்து பூட் செய்தால் கிடைக்காது. ஐஎஸ்ஓவின் மொழி இப்போது இருக்கும் விண்டோஸின் மொழியோடு ஒத்துப்போக வேண்டும், இங்கிலீஷ் யுஎஸ், இங்கிலீஷ் இன்டர்நேஷனல் இரண்டும் வேறு வேறு. மாறியிருந்தால் 'எல்லாவற்றையும் வைத்துக்கொள்' என்ற வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் மேலே போகாமல் ரத்து செய்துவிட்டுச் சரியான ஐஎஸ்ஓவை இறக்குங்கள். முதல் திரையில் அப்டேட்டுகளை இப்போதே இறக்கவா என்று கேட்கும்போது 'இப்போது வேண்டாம்' என்றே கொடுங்கள், குறுக்கே வர ஒரு ஆள் குறையும்.

பென் டிரைவ் வழி வேண்டவே வேண்டாமா என்றால், கடைசிக்கு அது உண்டு. ஆனால் அப்போதும் விஎம்டியை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆர்எஸ்டி டிரைவரை லேப்டாப் நிறுவனத் தளத்தில் இருந்து எடுத்து, ஜிப்பாகவோ இன்ஸ்டாலராகவோ வைக்காமல் பிரித்து, ஒரு ஃபோல்டராக அந்தப் பென் டிரைவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் பட்டியல் காலியாக வரும் அதே திரையில் 'லோட் டிரைவர்' என்று ஒரு இணைப்பு இருக்கிறது, அதில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். உங்கள் நண்பரின் கண்ணுக்கு எதிரேதான் அது இருந்திருக்கும்.

அந்தத் திரையைப் பற்றி ஒரு சொந்தக் கதை, வெட்கத்தோடு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரே அளவு, ஒரே நிறுவனத்தின் இரண்டு டிஸ்க் மாட்டிய டெஸ்க்டாப் ஒன்று வந்தது. இன்ஸ்டாலர் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டும் காட்டியது. 0தான் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்று நானே முடிவு செய்து, எல்லாப் பார்டிஷனையும் நீக்கி அடுத்த பட்டனை அமுக்கிவிட்டேன். அதில் இருந்தது அவருடைய கணக்கு வழக்கு மொத்தமும். நல்ல வேளை, ஒரு மாதப் பழைய பேக்கப் இருந்தது, அந்த ஒரு மாதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே திரும்ப உள்ளிட்டேன். அன்றில் இருந்து, தேவையில்லாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டாலரைத் திறப்பதில்லை.

பழைய டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். என்ன காரணத்தால் தகுதி இல்லை என்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' கருவியை ஓட்டினால் காரணத்தைச் சொல்லும். டிபிஎம் 2.0 இல்லை என்று மட்டும் சொன்னால் நம்பிவிடாதீர்கள், பல போர்டுகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பயாஸில் தேடி ஆன் செய்தால் முடிந்தது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இல்லை என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் பழைய முறையில், எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறை) டிஸ்க்கில் போடப்பட்டிருக்கும். பயாஸின் புது வடிவமான யுஇஎஃப்ஐக்கு மாற, டிஸ்க்கும் புது முறையான ஜிபிடியாக வேண்டும், அதற்கு விண்டோஸ் 10லேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றும். ஆனாலும் பேக்கப் இல்லாமல் அதை ஓட்டாதீர்கள். மாற்றி முடித்தபின்தான் பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், வரிசை மாறினால் பூட் ஆகாது.

காரணம் பிராசஸர் என்றால் (இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியது என்றால் ஏறக்குறைய அதுதான்) பயாஸில் செய்ய ஒன்றும் இல்லை. தடையைத் தாண்டிப் போடும் வழிகள் இருக்கின்றன, போட்டால் ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்டவற்றுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, எனவே முக்கியமான கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்வதில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை இழுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த டெஸ்க்டாப்பை இணையத்துக்கும் எழுத்து வேலைக்கும் மட்டும் வைத்திருப்பீர்கள் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டோ உபுன்டுவோ தாராளமாகப் போதும். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். என்விடியா கார்டு இருந்து திரை கறுப்பாகவே நின்றால், பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' அல்லது 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். விண்டோஸையும் கூடவே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் உண்மையில் அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கும்.

லேப்டாப்பில் விண்டோஸ் 11 வந்துவிட்டால், பழையது 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டரில் பத்து நாள் இருக்கும். அதற்குள் பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் 'ரெக்கவரி'க்குப் போய்த் திரும்பி வரலாம். இடம் காணவில்லையே என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி முதல் நாளே அதை அழித்துவிடாதீர்கள். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு அழிக்கலாம்.

மறுபடியும் திரும்பி வந்துவிட்டால் ஐந்தாவது முறை பட்டனை அமுக்காமல், செட்டப்டயாக் எழுதிக் கொடுத்ததையும் அந்த லாக் ஃபைலின் கடைசி இருபது வரியையும் எனக்கு அனுப்புங்கள். காப்பி செய்து அனுப்புங்கள், திரையைச் சாய்வாகப் போனில் எடுத்த படமாக வேண்டாம். லேப்டாப் மாடல் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்தில் அது விட்டுப்போயிருக்கிறது.